மணமறியும் நரம்பும் மையலின் உறையும்

(மாணவர்களும் அரசு அலுவலர்களும் பங்குகொண்ட கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் வாசகம்)



சமையல் எரிவாயுவுக்கு இயற்கையில் மணம் இல்லை. உருளையிலிருந்தோ ரப்பர்க் குழாயிலிருந்தோ அது கசிந்தால் வீட்டிலுள்ளோர் உடனே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் கந்தகச் சேர்மம் அதனுடன் மிகச் சிறிய அளவில் கலக்கப்படுகிறது. அழுகிய முட்டைக்கோசை நினைவூட்டும் அந்த நாற்றமே கோடிக்கணக்கான சமையலறைகளில் காவல் நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பெற்ற பிரதம மந்திரி உஜ்வலா திட்டம், விறகடுப்புப் புகையிலிருந்து ஏழைப் பெண்களை விடுவிக்கும் நோக்குடன், எரிவாயுவை ஊர்ப்புறக் குடிசைகளுக்கும் கொண்டு சேர்த்தது. இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும் வாய்விட்டுச் சொல்லப்படாத ஓர் அனுமானத்தின்மீது நிற்கிறது. வீட்டில் இருப்பவரின் மூக்கு பழுதின்றி வேலை செய்யும் என்பதே அந்த அனுமானம்.

அந்த அனுமானம் பொய்த்துப்போகும் இல்லங்கள் உண்டு. கண் பார்வை மங்கியவர் கண்ணாடி அணிகிறார். செவித்திறன் குறைந்தவருக்குக் கருவி வழங்கப்படுகிறது. இவ்விரண்டையும் அளக்கப் பள்ளிகளிலும் முகாம்களிலும் ஏற்பாடுகள் உள்ளன. மணமறியும் திறனை அளப்பார் அரியர். குறை மெல்ல மெல்ல வருமாயின் அதற்கு ஆளானவரே அதனை உணர்வதில்லை. உணவில் சுவை குறைந்துவிட்டது என்று சமைத்தவரைக் குறை கூறுவதோடு நின்றுவிடுவார். நாவில் உள்ள சுவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற சிலவே. பெருங்காயத்தின் சுவை, காப்பியின் சுவை என்று வழங்குபவை பெரும்பாலும் மூக்கின் வேலை என்பதை அவர் அறியார்.

மணக்குறைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மையலின் என்னும் காப்புறை. அந்த உறை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, சிதைந்தால் என்ன நேர்கிறது என்பதை அறிவது மருத்துவர்க்கு மட்டும் உரிய செய்தி அன்று. குழந்தைகளின் ஊட்டம், தொழிற்சாலைப் பாதுகாப்பு, தொழுநோய் ஒழிப்பு, மாற்றுத் திறனாளிகளின் உரிமை ஆகிய நிர்வாகத் துறைகள் பலவற்றோடு இது தொடர்புடையது.

மையலின் என்பது யாது?

நரம்பணு ஒவ்வொன்றிலிருந்தும் ஆக்ஸான் என்னும் நீண்ட இழை ஒன்று புறப்பட்டுச் செல்கிறது. செய்தியைச் சுமந்து செல்வது அதுவே. இவ்விழைகளில் பலவற்றைச் சுற்றி, பாயைச் சுருட்டியதுபோல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் வெண்ணிறப் படலமே மையலின் உறை. 1854-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, மஜ்ஜையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் சூட்டினார். நீரை நீக்கிப் பார்த்தால் இதன் எடையில் 70 முதல் 80 விழுக்காடு வரை கொழுப்புப் பொருள்களே, எஞ்சியது புரதம். மூளையின் உட்பகுதி வெண்மையாகத் தோன்றுவதற்கு இவ்வுறையே காரணம்.

உறை தொடர்ச்சியாக இருப்பதில்லை. மூங்கிலில் கணுக்கள் இருப்பதுபோல் இடையிடையே சிறு இடைவெளிகள் உண்டு. 1870-களில் பிரெஞ்சு அறிஞர் ரான்வியர் விவரித்ததால் இவை ரான்வியர் கணுக்கள் எனப்படுகின்றன. நரம்புச் செய்தி உறையுள்ள இடங்களைக் கடந்து, கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது. எல்லா ஊர்களிலும் நின்று செல்லும் பாசஞ்சர் வண்டிக்கும், முக்கியச் சந்திப்புகளில் மட்டும் நிற்கும் விரைவு வண்டிக்கும் உள்ள வேறுபாட்டை இதனோடு ஒப்பிடலாம். உறையற்ற மெல்லிய இழைகளில் செய்தி நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவான வேகத்தில் செல்கிறது. தடித்த உறையுள்ள இழைகளில் நொடிக்கு 100 மீட்டரையும் எட்டுகிறது.

உறை இல்லாமலும் வேகத்தைப் பெருக்க ஒரு வழி உண்டு. இழையைப் பருக்கச் செய்வதே அவ்வழி. கணவாய் என்னும் கடல்வாழ் உயிரினத்தில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பருமனுள்ள உறையற்ற இழை ஒன்று இருக்கிறது. அதில் செய்தி நொடிக்கு 25 மீட்டர் அளவில் செல்கிறது. மனித உடலில் அதன் பருமனில் சிறு பங்கே உள்ள, உறையிட்ட இழை அதைவிட வேகமாகச் செய்தியைக் கொண்டு செல்கிறது. மனித மூளை உறையின்றி இதே வேகத்தைப் பெற முயன்றிருந்தால் நரம்புகள் கயிற்றுப் பருமன் கொண்டிருக்க நேரும். மண்டையோடு அவற்றைத் தாங்காது. மூளை உடல் எடையில் 2 விழுக்காடே ஆயினும், உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. பொருளாதார மொழியில் கூறினால், மையலின் என்பது தொடக்கத்தில் பெரும் மூலதனம் வேண்டுவதும், பின்னர் இடத்தையும் நடைமுறைச் செலவையும் மிச்சப்படுத்துவதுமான அடிப்படைக் கட்டமைப்பு.

இவ்வுறையை நெய்யும் செல்கள் இரு வகைப்படும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள நரம்புகளில் ஷ்வான் செல்கள் இப்பணியைச் செய்கின்றன. மூளைக்குள்ளும் தண்டுவடத்திலும் ஆலிகோடெண்ட்ரோசைட் என்னும் செல்கள் செய்கின்றன. முன்னது ஓர் இழையின் ஒரு பகுதிக்கு மட்டும் உறையிடும்; பின்னது ஒன்றே பல இழைகளுக்கு உறையிடும். எனவே ஷ்வான் செல்லைத் தாக்கும் நோய் வேறு, ஆலிகோடெண்ட்ரோசைட்டைத் தாக்கும் நோய் வேறு. மேலும், இச்செல்கள் காப்பாக மட்டும் அமையாமல் இழைக்கு ஊட்டமும் அளிக்கின்றன. உறை நெடுங்காலம் சிதைந்து கிடந்தால் இழையும் மடிந்துவிடும்.

உறையற்ற முதல் வழி

மணத்தின் பாதையில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதன் முதல் பகுதியில் மையலின் இல்லை.

மூக்கின் உட்புற மேற்பகுதியில், சிறு தபால்தலை அளவான மென்படலத்தில் மணமுணரும் நரம்பணுக்கள் பல லட்சக்கணக்கில் உள்ளன. மணப்பொருள்களைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகளுக்கான பெரும் மரபணுக் குடும்பத்தை 1991-ஆம் ஆண்டில் லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். 2004-ஆம் ஆண்டு நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது. மனிதரில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் செயல்படுகின்றன. இந்நரம்பணுக்களின் இழைகள் சல்லடைபோல் துளைகளுள்ள எலும்புத் தகட்டின் வழியே மேலேறி, மூளையின் அடிப்புறத்தில் உள்ள நுகர்ச்சிக் குமிழை அடைகின்றன. இவ்விழைகள் உடலிலுள்ள நரம்பிழைகளுள் மிக மெல்லியவற்றைச் சேர்ந்தவை. மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு பருமனே கொண்டவை. அவற்றுக்குத் தனித்தனியே மையலின் உறை இல்லை. உடன்செல்லும் உறைசெல்கள் எனப்படும் சிறப்புச் செல்கள் அவற்றைக் கட்டுக்கட்டாகத் தழுவிச் செல்கின்றன.

இயற்கை இங்கு ஏன் இந்த முதலீட்டைச் செய்யவில்லை என்ற கேள்வி எழும். மூன்று விளக்கங்களை எண்ணிப் பார்க்கலாம். முதலாவது, தொலைவு குறைவு. கால் விரலிலிருந்து தண்டுவடம் வரை ஒரு மீட்டர் தொலைவு. மூக்கிலிருந்து குமிழ் வரை சில சென்டிமீட்டரே. மெதுவாகச் சென்றாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போன்ற சிறு பொழுதில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நாம் மூச்சை இழுத்து விடுவதற்கே சில நொடிகள் ஆகின்றன. ஆதலால் இத்தாமதம் பெரிதன்று. இரண்டாவது, இடம். உறையற்ற மெல்லிய இழைகளாக இருப்பதால்தான் அத்தனை இழைகளும் சிறு துளைகளின் வழியே நுழைய முடிகிறது. மூன்றாவது, மூக்கின் நரம்பணுக்கள் வெளிக்காற்றின் தூசிக்கும் கிருமிக்கும் நேரே ஆட்பட்டு நலிவதால் வாழ்நாள் முழுவதும் புதியன தோன்றிப் பழையனவற்றின் இடத்தைப் பிடிக்கின்றன. அடிக்கடி பெயர்த்துக் கட்ட வேண்டிய பாதைக்கு விலையுயர்ந்த மேற்பரப்பு இடுவதில்லை.

உறையுள்ள பெருவழி

நுகர்ச்சிக் குமிழுக்கு அப்பால் நிலைமை மாறுகிறது. அங்குள்ள நரம்பணுக்களின் இழைகள் ஒன்றுசேர்ந்து நுகர்ச்சிப் பாதையாக மூளைக்குள் செல்கின்றன. இவ்விழைகளுக்கு ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் நெய்த மையலின் உறை உண்டு. பார்வை, செவி, தொடு உணர்வு ஆகியவற்றின் செய்திகள் தலாமஸ் என்னும் நடுநிலையத்தில் தங்கிச் செல்ல, மணச் செய்தியோ அந்நிலையத்தில் நிற்காமல் நுகர்ச்சிப் புறணியையும், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளையும் நேரே அடைகிறது. முதல் மழையில் நனைந்த மண்ணின் மணம் பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நாளை உடனே நினைவுக்குக் கொண்டுவருவதற்கு இந்த நெருக்கமே அடிப்படை. பின்னர் நெற்றிப் பகுதியிலும் பொட்டுப் பகுதியிலும் உள்ள மூளைப் பகுதிகள், வந்த மணம் இன்னதென்று பெயரிட்டு உணர்கின்றன.

ஆகவே, மணம் உண்டு என்று உணர்வது ஒன்று; அது மல்லிகையா மண்ணெண்ணெயா என்று இனங்காண்பது மற்றொன்று. இனங்காண்பதற்கு மூளையின் பல பகுதிகள் ஒத்துழைக்க வேண்டும். அவற்றை இணைப்பவை உறையுள்ள இழைகளே.

உறை சிதையும்போது

உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மையலினையே பகையென்று கருதித் தாக்கும் நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். 1868-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இதனை வரையறுத்து விளக்கினார். இளம் வயதினரையும், ஆண்களைவிடப் பெண்களையும் இது மிகுதியாகத் தாக்குகிறது. பார்வை மங்குதல், கைகால் மரத்தல், நடை தள்ளாடுதல் ஆகியவை இதன் பரவலாக அறியப்பட்ட அடையாளங்கள். கண் நரம்பு முழுவதும் ஆலிகோடெண்ட்ரோசைட் உறை கொண்டது. ஆதலின் அது இந்நோயில் அடிக்கடி தாக்கப்படுகிறது. மூக்கின் நரம்புக்கு அவ்வுறை இல்லை. எனவே மணத்துக்கு இந்நோயால் தீங்கில்லை என்று நெடுங்காலம் கருத இடமிருந்தது. அக்காலத்து ஆய்வுகள் சிலவும் வேறுபாடு காணவில்லை.

அளவுகோல் செம்மையுற்றபோது முடிவும் மாறியது. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு டோட்டியும் உடன்பணியாற்றியோரும் 40 மணங்களைக் கொண்ட ஒரு சோதனை முறையை உருவாக்கினர். தாளில் பதிக்கப்பட்ட நுண்குமிழ்களைச் சுரண்டி முகர்ந்து, நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதனைப் பயன்படுத்தி 1990-களின் பிற்பகுதியில் டோட்டி குழுவினர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளை ஆராய்ந்தனர். மூளையின் கீழ்நெற்றிப் பகுதியிலும் பொட்டுப் பகுதியிலும் மையலின் சிதைந்த தழும்புகள் எத்துணை மிகுதியோ, அத்துணை குறைவாக மதிப்பெண் இருந்தது. மூளையின் ஏனைய பகுதிகளில் உள்ள தழும்புகளுக்கும் மணத்துக்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. சில நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது, தழும்புகளின் எண்ணிக்கை ஏறும்போது மதிப்பெண் இறங்கியும், அது இறங்கும்போது மதிப்பெண் ஏறியும் வந்தது. 2015-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, இந்நோயால் இறந்தோரின் மூளைகளைப் பரிசோதித்து, நுகர்ச்சிக் குமிழிலும் பாதையிலும் மையலின் சிதைவு மிகுதியாகக் காணப்படுவதை உறுதிசெய்தது.

உறை சிதைந்த இடத்தில் புதிய உறை ஓரளவு மீண்டும் உருவாகக்கூடும். ஏறியும் இறங்கியும் வந்த மதிப்பெண்களுக்குப் பொருள் இதுவே எனலாம். பார்வையும் நடையும் பாதிக்கப்படும் நோயாளியிடம் மணத்தைப் பற்றி யாரும் வினவுவதில்லை. அவர் வீட்டிலும் எரிவாயு உருளை இருக்கிறது என்பதே இங்கு நினைக்கத்தக்கது.

நச்சுப் பொருள்களாலும் மூளையின் வெண்பகுதி கெடுவதுண்டு. வண்ணப் பூச்சிலும் பசையிலும் பயன்படும் தொலுயீன் என்னும் கரைப்பானை நீண்ட காலம் மிகுதியாக முகர்ந்து பழகியோரிடம் மையலின் சிதைவும் நினைவுக் குறைவும் ஏற்படுகின்றன. அவருள் சிலர் மணமறியும் திறனையும் இழக்கின்றனர். தெருவோரச் சிறுவர்கள் பசையையும் கரைப்பானையும் முகரும் பழக்கத்துக்கு ஆளாகும் கொடுமையை இத்துடன் சேர்த்து நோக்க வேண்டும்.

எல்லாக் குறையும் உறையின் குறை அன்று

ஓர் உண்மையைக் கண்டதும் அதைக் கொண்டே அனைத்தையும் விளக்க முற்படுவது தவறு. மணக்குறையின் மிகப் பொதுவான காரணங்கள் மூக்கிலேயே உள்ளன. நீர்க்கோவை, ஒவ்வாமை, மூக்கடைப்பு, மூக்கினுள் வளரும் சதை ஆகியவற்றால் மணப்பொருள் நரம்பணுவை எட்டுவதில்லை. முதுமையிலும் இத்திறன் இயல்பாகவே குறைகிறது. தலையில் பலத்த அடிபட்டால் மூளை அசைந்து, சல்லடை எலும்பின் வழியே செல்லும் மெல்லிய இழைகள் அறுபடுகின்றன. இருசக்கர வண்டியில் தலைக்கவசமின்றிச் செல்வோர் உயிர் தப்பினும் மணத்தை இழப்பதற்கு இது ஒரு காரணம். பார்க்கின்சன் நோயில், நடுக்கம் தோன்றுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மணக்குறை தோன்றுவதுண்டு.

2020-ஆம் ஆண்டில் பரவிய கோவிட் தொற்று மணத்தைப் பற்றி உலகு முழுவதும் பேச வைத்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் மத்திய சுகாதார அமைச்சகம் மணமோ சுவையோ திடீரென இழத்தலை நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகச் சேர்த்தது. அந்த இழப்புக்கு மையலின் சிதைவு முதற்காரணம் அன்று. கிருமி தொற்றிக்கொள்வதற்கான வாயில் மூக்கின் நரம்பணுக்களில் அன்றி, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களில் உள்ளது. அச்செல்கள் விரைவில் மீண்டும் வளர்வதால் பெரும்பாலோர் சில வாரங்களில் நலம் பெற்றனர். சிலருக்கோ குறை நீடித்தது. வேறு சிலருக்குப் பழகிய மணங்களே அருவருப்பாக மாறின.

நேர்மையான அளவீட்டுக்கு உதவும் மற்றொரு செய்தியும் உண்டு. அம்மோனியாவின் நெடியும் மிளகாயின் காரமும் நுகர்ச்சி நரம்பின் வழியாக அல்லாமல் முகத்தின் முந்நரம்பு வழியாகவே உணரப்படுகின்றன. மணத்தை முற்றிலும் இழந்தவருக்கும் அம்மோனியா சுரீரென உறைக்கும். எனவே "அம்மோனியா தெரிகிறது, ஆனால் காப்பி தெரியவில்லை" என்று கூறுபவரின் முறையீடு நம்பத்தக்கது. இழப்பீடு கோருவோரைச் சோதிக்கும்போது இந்த வேறுபாட்டை அறியாத அலுவலர், உண்மையுரைப்பவரைப் பொய்யர் என்று எண்ணிவிடக்கூடும்.

ஊட்டமும் உறையும்

மையலின் பிறக்கும்போதே முழுமையாக அமைவதில்லை. கருவின் பிற்பகுதியில் தொடங்கி, முதல் இரண்டாண்டுகளில் விரைந்து பெருகி, நெற்றிப் பகுதியில் இளமைப் பருவம் முடியும் வரை அது தொடர்கிறது. இந்தக் கட்டுமானத்துக்கு வேண்டிய பொருள்கள் அன்றாட உணவிலிருந்தே வர வேண்டும்.

அயோடின் இன்றேல் தைராய்டு சுரப்பு குறையும். அச்சுரப்பின்றி ஆலிகோடெண்ட்ரோசைட்டுகள் முதிர்ச்சி பெறா. நம் நாட்டில் 1962-ஆம் ஆண்டில் முன்கழுத்துக்கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 1992-இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் தழுவும் திட்டமாகப் பெயர் மாற்றம் பெற்றது. அயோடின் கலந்த உப்பு கழுத்தின் வீக்கத்தைத் தடுப்பதற்கு மட்டுமன்று. மூளைக்குள் நரம்பிழைகள் உறை பெறுவதற்கும் அது வேண்டும்.

இரும்புச் சத்தும் அத்தகையதே. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர். சிலி நாட்டில் நடந்து 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, இரும்புக் குறையால் சோகையுற்ற குழந்தைகளின் செவி நரம்புப் பாதையில் செய்தி மெதுவாகச் செல்வதைக் காட்டியது. மையலின் உருவாவதில் தாமதமே அதற்குக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். செவிக்கு உரிய உறையையும் மணத்துக்கு உரிய உறையையும் நெய்பவை ஒரே வகைச் செல்கள்தாம்.

வைட்டமின் பி12 குறைந்தால் தண்டுவடத்தின் மையலின் சிதைவது மருத்துவ நூல்களில் நன்கு நிறுவப்பெற்றது. இந்த வைட்டமின் தாவர உணவில் இயல்பாக இல்லை. பாலும் முட்டையும் இறைச்சியும் தருவன. மரக்கறி உணவினரும், பால் வாங்க இயலாத ஏழையரும் இதில் கவனம் கொள்ள வேண்டும். இக்குறை உடையோரிடம் மணமறியும் திறன் குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. குறையைக் கண்டறிந்து ஈடு செய்யும் மருந்து விலை குறைந்தது. நரம்பு மடிவதற்கு முன் கொடுப்பதுதான் முக்கியம்.

இதற்கு நேர்மாறான ஓர் அரிய நோயும் உண்டு. 1940-களில் நார்வே நாட்டு மருத்துவர் ரெஃப்சம் விளக்கிய பரம்பரை நோயில், பைட்டானிக் அமிலம் என்னும் கொழுப்புப் பொருள் உடலில் சிதைக்கப்படாமல் தேங்கி நிற்கிறது. இந்நோயாளிகளிடம் நரம்புகளின் மையலின் கெடுதலும், மாலைக்கண்ணும், மணமறியாமையும் ஒருங்கே காணப்படுகின்றன. பால் கொழுப்பையும் அசைபோடும் விலங்குகளின் இறைச்சியையும் தவிர்ப்பதே சிகிச்சையின் முதற்படி. ஒருவருக்கு மருந்தாகும் பால், மற்றொருவருக்கு நஞ்சாவதை இதில் காணலாம்.

தொழுநோயும் மூக்கும்

உறையிடும் செல்லையே கிருமி குடியிருப்பாகக் கொள்ளும் நோய் தொழுநோய். 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்த அக்கிருமி ஷ்வான் செல்களுக்குள் புகுந்து வளர்கிறது. உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவதால் மூக்கின் மென்படலத்திலும் தங்குகிறது. நுகர்ச்சி நரம்புக்கு மையலின் இல்லாததால், இங்கு நேரும் மணக்குறைக்கு மூக்கின் படலம் அழிவதே தெளிவான காரணம். இந்திய நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2006-இல் வெளியான ஆய்வு, தொழுநோயில் மணக்குறை பரவலாக உள்ளதை எடுத்துக்காட்டியது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறையால், 2005 டிசம்பரில் நம் நாடு 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. ஆயினும் புதிய நோயாளிகள் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர். கையிலும் காலிலும் உணர்வின்றித் தீக்காயமுறும் இவர்களுக்கு, புகையின் மணமும் தெரியாது போவது இரட்டை ஆபத்து.

நிர்வாகத்தின் முன் உள்ள பணிகள்

1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அதனை 21 வகைகளாக விரிவாக்கியது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய், தொழுநோயிலிருந்து குணமானோர் ஆகியன அவற்றுள் அடங்கும். மணமறியாமை தனி வகையாக அப்பட்டியலில் இல்லை. இதற்கு ஒரு நியாயம் கூறலாம். பார்வையின்மைக்கு நிகராக இதனை வைக்க இயலாது. எனினும் ஒரு குறையின் பளு எல்லார்க்கும் ஒன்றன்று. உத்தரப் பிரதேசத்தின் கன்னௌஜ் நகரில் செப்புக் கலங்களில் அத்தர் வடிப்பவருக்கும், கொல்கத்தாவிலோ குவாகாத்தியிலோ தேயிலையைச் சுவைத்து விலை மதிப்பவருக்கும் மூக்கே வாழ்வாதாரம். கிடங்கில் தானியம் புழுங்கியதை மணத்தால் அறியும் தொழிலாளிக்கும், பால் கெட்டதை முகர்ந்தறியும் இல்லத்தரசிக்கும் அது அன்றாடக் கருவி.

எனவே செய்யத்தக்கன சில உள. முதலாவது, அளத்தல். அயல்நாட்டுச் சோதனைத் தாள்களில் உள்ள மணங்கள் பல நம் மக்கள் அறியாதவை. அறியாத மணத்துக்குப் பெயர் சொல்லாதவரை நோயாளி என்று கொள்ளலாகாது. கிராம்பு, ஏலம், எலுமிச்சை, மல்லிகை, காப்பி, மண்ணெண்ணெய் போன்ற பழகிய மணங்களைக் கொண்டு எளிய சோதனை அமைத்தல் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இயலும். இரண்டாவது, பயிற்சி. 2009-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மெல் குழுவினர், ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாள்தோறும் இருவேளை 12 வாரம் முகரச் செய்து, பலருக்கு முன்னேற்றம் கண்டனர். நான்கும் ஊர்ச் சந்தையில் கிடைப்பவை. மூன்றாவது, மாற்றுக் காவல். மணமறியாதோர் இல்லங்களில் எரிவாயுக் கசிவை ஒலியால் அறிவிக்கும் கருவி பொருத்துவதும், உருளையின் ரெகுலேட்டரை இரவில் மூடிவைக்கும் பழக்கமும் உயிர் காக்கும். நான்காவது, சாக்கடைக் குழிகளில் மூக்கை நம்பலாகாது என்ற அறிவுறுத்தல். ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிந்த இடத்தில் அவ்வாயுவே மணவுணர்வை மழுங்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்பது ஆபத்து நீங்கியதற்கு அடையாளம் அன்று. மனிதர் உள்ளே இறங்க நேராதிருப்பதே சரியான வழி.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. நோயாளி வரும்போது கண்ணையும் காதையும் பற்றிக் கேட்கும் படிவத்தில் மூக்கைப் பற்றியும் ஒரு வினா சேர்ப்பது முதற்படி. "சமைக்கும்போது தாளிக்கும் மணம் தெரிகிறதா?" என்ற அந்த ஒரு வினாவுக்கு வரும் விடை, சிலரிடம் மூக்கடைப்பைக் காட்டும், சிலரிடம் ஊட்டக் குறையைக் காட்டும், மிகச் சிலரிடம், மூளைக்குள் உறை சிதைந்துவரும் இழைகளைப் பிற அடையாளங்களோடு சேர்த்துக் காட்டும். எவராயினும், தம் வீட்டு எரிவாயுக் கசிவைத் தம் மூக்கு அறிவிக்காது என்பதை அன்றே அவர் தெரிந்துகொள்வார்.